குடும்பத் தலைவருக்கு என்ன உறவு

இருக்கும். இந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால் அடுத்ததில் இருக்கும், அடுத்ததில் இல்லாவிட்டால் அதற்கும் அடுத்ததில், ஒரு தெரு எழுந்து எங்கேயும் போய்விடாது. பெரியகுளம் தென்கரையில் ஆற்றுக்கு இறங்குகிற அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் நின்றன, கணக்கெழுத வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கித்தான் எழுதியிருக்கிறார், அப்படியானால் எழுத்தாளர் இருளப்பன் பையனாக இருந்த வீடும் இதற்குள் இருக்க வேண்டும், அவருக்குப் பக்கத்தில் என் தாத்தா சன்னாசியும் இருக்க வேண்டும், அண்ணனும் தம்பியுமாக. தாள் விரலில் ஒட்டுகிறது. இல்லை, என் விரல்தான் வேர்த்திருக்கிறது. மின்விசிறி போடக் கூடாது, பழைய தாள் காற்றில் நொறுங்கும் என்று பதிவறையைப் பார்த்துக்கொள்கிற ஜெயக்கொடி அக்கா உள்ளே விடும்போதே சொல்லிவிட்டாள். போட்டோ எடுக்கக் கூடாது, பேனா கூடாது, பென்சிலால் பார்த்து எழுதிக்கொள்ளலாம், எழுதியதை அவளிடம் காட்டினால் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை வைத்துத் தருவாள், சாப்பாட்டு நேரத்துக்கு அறையைப் பூட்டிவிடுவாள். சரிக்கா என்றேன். “என்னப்பா, எங்கிட்டப் பேசுறியா, மனசுக்குள்ள ஜெபம் பண்றியா? கொஞ்சம் வாயத் தொறந்து சொல்லு.” என் குரல் அப்படித்தான். சின்ன வயசிலிருந்து பேசியதை விடக் கேட்டதுதான் அதிகம், தாத்தா சொல்லச் சொல்ல நான் ம் கொட்டுவேன், ம் கொட்டுவதற்குப் பெரிய குரல் எதற்கு. சரிக்கா என்று இன்னொரு முறை சொன்னேன், இப்போதும் அவளுக்குக் கேட்கவில்லை, ஆனால் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கு, அப்போது வீடு வீடாக எழுதி வைத்த ஏடு, துணி அட்டை, உள்ளே வறுத்த கடலைத் தோல் மாதிரி ஒரு வாசனை. “எழுபது வருசமா எவனும் தேடி வரலை, இந்த வருசம் நீ ரெண்டாவது ஆளு” என்றாள். முதல் ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

பரஞ்சோதி ஐயா அனுப்பிய ஆள். ஐயாதான் இருளப்பனின் முழுத் தொகுப்பைக் கொண்டுவருகிறார், நான் அவரிடம் மெய்ப்புத் திருத்துகிறேன், எம்.ஏ. முடித்தவனுக்கு மதுரையில் கிடைத்த வேலை. தப்பை அடிக்க வேண்டும், சரியானதை மேலே எழுத வேண்டும், ஓரத்தில் குறி போட வேண்டும், அவ்வளவுதான், யாரோடும் பேச வேண்டியதில்லை, எனக்கென்றே செய்த வேலை. முன்னுரையில் ஐயா எழுதியிருந்தார், இருளப்பனுக்கு உடன்பிறந்தோர் எவருமில்லை. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன், யோசித்துத்தான் போட்டேன். “இது என்ன யோகநாதா, கொக்கி மாதிரி?” என்றார். அவருக்கு ஒரு தம்பி இருந்தார் ஐயா, எங்க தாத்தா. ஐயா சிரிக்கவில்லை, அவர் நல்லவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க தாத்தா சொன்னாருங்கறதை நான் எந்த அடிக்குறிப்புல போட? அவரே தன் வரலாற்றுல ஒத்தப் பிள்ளைன்னு எழுதியிருக்காரேப்பா. நானும் ஆள் விட்டுப் பழைய கணக்கெல்லாம் பாத்துட்டேன். தென்கரையில இருளப்பன்னு ஒரு பையனே இல்லை. அதுக்குள்ள ஊரை விட்டுப் போயிருப்பாங்க.” இல்லை ஐயா, போகவில்லை, ஒரு வாத்தியார் வந்து எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கிட்டுப் போனாருன்னு தாத்தா சொல்லியிருக்காரு. “அப்ப அதை எழுத்துல கொண்டா. முன்னுரை அச்சுக்குப் போறதுக்குள்ள கொண்டா. நானே அடிச்சுட்டு எழுதறேன்.” கொண்டுவருகிறேன் என்றேன். அது அவருக்குக் கேட்டது.

கந்தவேலு, நெசவு. அவர் மனைவி, நெசவு. மகள், மகள், மகன். அடுத்த வீடு, மீரான், மாங்காய் வியாபாரம். ஒரே வாத்தியாரின் கையெழுத்து, ழகரத்தின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து விடுகிறார், அவசரமில்லாத மனிதர், இவரை எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த ஊர், வயது, எழுத்தறிவு, தொழில். ஆறு கட்டத்துக்குள் ஒரு ஆள் அடங்கிவிடுகிறான். தாத்தாவை எத்தனை கட்டத்துக்குள் அடைப்பது, அவர் சொன்ன கதைகளை எழுதினால் இந்த ஏடே போதாது. ஆற்றில் வெள்ளம் வந்து உரலை உருட்டிக்கொண்டு போன கதை, அண்ணன் பள்ளிக்கூடப் பாடத்தைச் சுவர் பார்த்துச் சத்தமாகப் படிக்க இவர் மாவாட்டிக்கொண்டே அதை மனப்பாடம் செய்து அண்ணனையே மடக்கிய கதை, வாத்தியார் பெயர் எழுத வந்த கதை. அந்தக் கதையில் பெரிதாக ஒன்றும் கிடையாது, அதனால்தான் நம்புகிறேன், பொய்யென்றால் தாத்தா அதில் ஒரு பாம்பாவது விட்டிருப்பார். வாத்தியார் வந்தார், அம்மாவிடம் என்னென்னவோ கேட்டார், எழுதினார், போனார். அன்றைக்கு அம்மா முதல் ஈடு இனிப்புப் பணியாரத்தை எடுத்துத் தன் கையில் வைத்தாளாம், அண்ணனுக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஆட்ட வேண்டிய மாவு இன்னும் பாதி கிடக்கும்போதே. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலப்பா என்பார். கதை அவ்வளவுதான். எனக்கு அது சப்பென்று இருக்கும், வெள்ளத்துக் கதையைச் சொல்லு தாத்தா என்பேன். அம்மாவின் பெயர் என்ன தாத்தா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவருக்கு அவள் அம்மா, இருளப்பனுக்கும் அம்மா, தன் வரலாறு முழுக்க அம்மா என்றுதான் எழுதியிருக்கிறார், ஆக இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு அவள் பெயரைச் சொல்லாமல் போய்விட்டார்கள். கன்னியப்பன், வண்டி ஓட்டுதல். இல்லை. சுப்புலட்சுமி, கைம்பெண், பூ வியாபாரம். இருளப்பனின் அம்மாவும் கைம்பெண்தான், மனசு ஒரு நிமிஷம் துள்ளியது, ஆனால் பிள்ளைகளே இல்லை. அடுத்தது.

மொட்டை. பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் தாத்தாவின் மொட்டைத் தலை வந்து நிற்கிறது. இருளப்பன் இறந்த செய்தி டிவியில் வந்தபோது எனக்கு ஒன்பது வயதிருக்கும். தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்து வேடிக்கையாகச் சொன்னார், அண்ணன் வீட்டு வாசல்ல எம்மாங்கூட்டம், வரிசையில நின்னேன், யாரோ ஒரு பொம்பளப் பிள்ள மோர் குடுத்துச்சு, எந்த ஊர்லருந்து வாசகரய்யா வந்திருக்கீங்கன்னு கேட்டுச்சு, தென்கரைன்னேன். அதற்கு மேல் வரிசையில் எதுவும் நடக்கவில்லையாம், முகத்தைப் பார்த்தாராம், பின்னால் நின்றவர் நகரச் சொன்னாராம், நகர்ந்துவிட்டாராம். வந்த மறுநாள் முடிதிருத்தகத்துக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தார், மீசையையும் எடுத்துவிட்டு. சொந்தக்காரர்கள் கேட்டால், அண்ணன் தவறிட்டாரு. என் அத்தை வந்தாள். “எவன் செத்தாலும் உங்கப்பாவுக்கு அண்ணனாயிருவான் போல. அடுத்து மந்திரி யாராச்சும் போனா சித்தப்பானு சொல்லுவாரா?” தாத்தா அம்மாவைப் பெற்றவர், எங்கள் வீட்டில் இருந்தார், அம்மா மாமியார் வீட்டு ஆட்களுக்கு முன்னால் தன் அப்பாவின் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள். வெயிலுக்கு என்றாள், வீட்டுக்குள்ளே. தாத்தா போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை, போன மாதம் ஒரு கல்யாணத்தில்கூட அத்தை என்னைக் காட்டி, எழுத்தாளர் பேரன் வர்றான் பாரு என்றாள். நேற்று மதுரையிலிருந்து கிளம்புகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதும் அவள் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள், “போ. பாரு. ஆனா இல்லைன்னா எங்கிட்ட வந்து சொல்லாத. பாக்கவே இல்லைன்னு சொல்லிரு.” இருக்கும்மா என்றேன். “எங்கப்பா சொன்னதுல பாதிக்குப் பாதி கதைடா.” மிச்சப் பாதி போதும் எனக்கு.

தெரு முடிந்துவிட்டது. ஆற்றங்கரை மண்டபம், குடியிருப்பு இல்லை என்று எழுதி அதற்குக் கீழே ஒரு கோடு. இருளப்பன் என்று ஒரு பெயர் இந்தத் தெருவிலேயே இல்லை, ஐயா அனுப்பிய ஆள் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். எதையாவது விட்டிருப்பேன், மெய்ப்பில்கூட முதல் வாசிப்பில் ஒன்றிரண்டு தப்பும். விடவில்லை என்பதும் தெரிகிறது. தாத்தாவின் கதைகள் எல்லாம் உரலில் ஆரம்பிக்கின்றன. இதை இதுவரைக்கும் நான் கவனித்ததில்லை. உரலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் பிறந்தப்ப என்று ஆரம்பித்ததில்லை, எங்கப்பா என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அண்ணன் பிறந்தபோது ஊரே கூடிய கதை இருக்கிறது, அண்ணனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயரை வைத்த கதை இருக்கிறது, தனக்குப் பெயர் வைத்த கதை இல்லை. அண்ணன் சுவர் பார்த்துப் படித்தான், இவர் ஏன் ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒரு நாளாவது இவர் சுவர் பார்த்து அவர் ஆட்டியிருக்கக் கூடாதா. இருளப்பனின் தன் வரலாற்றில் ஒரு வரி இருக்கிறது, எனக்கு அது வரும் பக்கத்தின் ஓரக் கறைகூடத் தெரியும்: கடையில் மாவாட்ட ஒரு பையன் இருந்தான். அவ்வளவுதான், அடுத்த வரியில் மழை வந்துவிடும். அதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டியதே நான்தான், அவருக்கு எழுத்து தெரியாது. படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், “எழுதிருக்கானா? ஒரு பையன்னு? அது நாந்தேன்” என்றார், சந்தோஷமாக. இன்னொரு வாட்டி படி என்றார். இன்னொரு வாட்டி படித்தேன். இல்லை, இதைப் பற்றி இப்போது யோசிக்கக் கூடாது. ஒரு பையன். வேலைக்கு வந்த ஒரு பையன். மொட்டையடித்துக்கொள்ள அவனுக்கு என்ன பாத்தியதை. “என்னப்பா, கெடைச்சுச்சா?” இல்லைக்கா. “என்ன?” இல்லைக்கா. “தலையத் தலைய ஆட்டுனா நான் என்னன்னு நெனைக்க? இன்னும் கொஞ்ச நேரந்தான் பாத்துக்க, எனக்குச் சுகர் இருக்கு, சோறு தள்ளிப் போடக் கூடாது.”

பென்சிலைக் கூர்மையாக்கிக்கொள்கிறேன், கூர் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி முதல் வீட்டிலிருந்து வருவோம், இரண்டாவது வாசிப்பில்தான் தப்பு அகப்படும், இரண்டாவதில் சொல்லைப் பார்க்கக் கூடாது, மையைப் பார்க்க வேண்டும், எழுத்தின் சாய்வைப் பார்க்க வேண்டும். கந்தவேலு. மீரான். கன்னியப்பன், இதென்ன, கன்னியப்பன் மட்டும் வேறு மையில் இருக்கிறது. கீழே மனைவி, பிள்ளைகள் எல்லாம் கறுப்பு, தலைவர் பெயர் மட்டும் நீலம், இடம் விட்டுப் பிறகு நிரப்பியது போல் கொஞ்சம் நெருக்கியடித்து. இரண்டு வீடு தள்ளி இன்னொன்று அப்படி. அதற்கப்புறம் இன்னொன்று. வாத்தியார் போன நேரத்தில் ஆண்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், வாசலுக்கு வந்த மனைவி வாயைத் திறக்க மாட்டாள், புருஷன் பெயரை எந்தப் பெண் சொன்னாள் அப்போது, வாத்தியார் இடத்தை விட்டுவிட்டு நகர்ந்திருப்பார், பக்கத்து வீட்டிலோ கடையிலோ கேட்டு வந்து வேறு பேனாவில் நிரப்பியிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தப் பெண்கள் எல்லாரும் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பது போல இருந்தது. பிறகு சிரிப்பு நின்றது. புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மாமனார் பெயரையும் சொல்ல மாட்டாள். அப்பாவைப் பெற்ற தாத்தா பெயரைத்தானே அண்ணனுக்கு வைத்தார்கள், இருளப்பன் அவளுக்கு மாமனார் பெயர். அவள் எப்படி அதை ஒரு வாத்தியாரிடம் சொல்வாள், புருஷன் செத்தாலும் மாமனார் மாமனார்தான். தாத்தா சொல்லியிருக்கிறாரே, அண்ணன் நிசப் பேரச் சொல்லிக் கூப்பிட்டது பள்ளிக்கூடந்தேன், எங்களுக்கு அவன் ராசு, அம்மாவுக்கும் ராசு, எனக்கும் ராசு. புத்தக அட்டையில் அச்சடித்த பெயரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம், ஐயாவும் அவர் ஆளும் நானும். அம்மா வாயிலிருந்து வரக்கூடிய பெயரைத் தேட வேண்டும். பக்கம் பக்கமாக வருகிறேன், இரண்டாவது கட்டத்தில் மகன் என்றிருக்கிற வரிகளை மட்டும், ராசு, ராசு, ராசு.

குருவம்மா. தலைவி. கைம்பெண். தொழில், பணியாரக் கடை. இந்த வீட்டை முதல் தடவை தாண்டித்தான் போயிருக்கிறேன், மகன் ராசு என்று படித்ததுமே இருளப்பன் இல்லை என்று கீழ் வரியைப் பார்க்காமல் தாண்டியிருக்கிறேன். உன் பெயர் குருவம்மாவா. நல்ல பெயர். இதற்குத்தான் இரண்டு பேரும் சொல்லாமல் வைத்திருந்தார்களா, நானே வந்து பார்க்கட்டும் என்று. ராசு, மகன், பிறந்தது இவ்வூர், வயது பதினான்கு, எழுதப் படிக்கத் தெரியும், பள்ளி மாணவன். அதற்குக் கீழ் வரி. சன்னாசி. தாத்தா, வந்துவிட்டீர்கள். வயது பதினொன்று. எழுதப் படிக்கத் தெரியாது. பணியாரக் கடையில் உதவி. பிறந்த ஊர், தெரியாது. அந்தச் சொல்லை விட்டு என் கண் நகர மறுக்கிறது. தெரியாது. பெற்றவளுக்குப் பிள்ளை பிறந்த ஊர் எப்படித் தெரியாமல் போகும். பெற்றிருந்தால் தெரியும். அவ்வளவுதான், உரலுக்கு முன்னால் ஏன் கதையே இல்லை என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது, எங்கிருந்தோ வந்த பிள்ளை, எந்த ஊர் என்று அதற்கே தெரியாத வயதில். உறவுக் கட்டத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன், பார்க்காமல் மூடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றுகிறது, பாக்கவே இல்லைன்னு சொல்லிரு என்று அம்மா புளித் தண்ணீர்க் கையோடு நிற்கிறாள். பார்த்தேன். வேலைக்காரன். வாத்தியாரின் அதே நிதானமான கை. அதன் மேல் ஒரு கோடு. நடுவில், நேராக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். கோட்டுக்கு மேலே, கட்டத்தின் விளிம்பை இடித்துக்கொண்டு, மகன். பக்கத்தில் வாத்தியாரின் சின்னச் சுருக்கொப்பம், அடித்தது நான்தான் என்பதற்கு.

ஏட்டில் வேறு எங்கேயும் அடித்தல் இல்லை. இந்தத் தெரு முழுக்க இரண்டு தடவை பார்த்தவன் சொல்கிறேன், அவர் அடித்து எழுதுகிற ஆள் இல்லை. எழுதியிருப்பார், பையன் உரலடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவராகவே எழுதியிருப்பார், யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு பழக்கத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருப்பார். குருவம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்திருப்பாள். என்ன எழுதுனீங்க. வேலைக்காரன்னு. அடிங்க. ஏம்மா, பிறந்த ஊரே தெரியாதுன்னு இப்பத்தான சொன்ன. ஊரு தெரியாதுய்யா, எம் மகன்தேன், அடிச்சுட்டு எழுதுங்க. இதை நான் கட்டுகிறேன், தாத்தாவிடமிருந்து வந்த பழக்கம், ஆனால் கோடு நான் கட்டியதில்லை, சுருக்கொப்பம் நான் கட்டியதில்லை. உரலடியில் உட்கார்ந்திருந்தவருக்கு அவர்கள் பேசியது ஒன்றும் கேட்டிருக்காது, கல் சத்தம். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து முதல் ஈட்டை அவர் கையில் வைத்தாள், மாவு பாதி கிடக்கும்போதே. தாத்தா, ஏனென்று எனக்குத் தெரியும். எழுபது வருஷம் கழித்துச் சப்பென்று இருந்த கதை கதையாகிவிட்டது, ம் கொட்டுவதற்கு நான் இருக்கிறேன், சொல்வதற்குத்தான் நீங்கள் இல்லை. இருளப்பன் அவள் வயிற்றில் பிறந்த ஒத்தப் பிள்ளை என்று எழுதியதும் பொய்யில்லை. அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதியது இந்த ஏடு ஒன்றுதான்.

“பூட்டப் போறேன்ப்பா.” ஒரு நிமிஷம்க்கா, கெடைச்சிருச்சு. “ஏன் இந்தக் கத்து கத்துற, காது இருக்கு எனக்கு” என்றாள். தாளை ஏட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதுகிறேன். குருவம்மா. ராசு. சன்னாசி. பதினொன்று. தெரியாது. உறவுக் கட்டம் வந்ததும் பென்சில் நின்றது. மகன் என்று மட்டும் எழுதிவிடலாம், மெய்ப்பில் அப்படித்தான், அடித்த சொல் அடுத்த பிரதியில் இருக்காது, அம்மா பார்க்கட்டும், அத்தை பார்க்கட்டும், ஐயா முன்னுரையில் போடட்டும், சுத்தமாக இருக்கும். ஆனால் சும்மா மகன் என்றால் எல்லார் வீட்டிலும்தான் மகன் இருக்கிறான். ஏட்டில் இருந்த அதே இடத்தில், அதே நிதானத்தோடு, வேலைக்காரன் என்று என் கையால் எழுதினேன். பிறகு அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் ஒரு கோடு போட்டு அடித்தேன், தாளின் மறுபக்கம் தெரிகிற மாதிரி.